பத்து இலட்சம் வந்தால் முதியோர் இல்லத்தில் எதைச் செய்வது?

வெளிநாட்டில் இருக்கும் ஊர் ஒன்றியம் பத்து இலட்சம் ரூபாய் தருகிறோம் என்கிறது. "கட்டடம் வேண்டாம், சாப்பாட்டுக்கும் வேண்டாம். அங்கை இருக்கிற ஆக்களின்ரை சீவியம் கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி ஒரு திட்டம் எழுதி அனுப்புங்கோ." இல்லத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது. ஒருவர் டப்லெட் வாங்குவோம் என்கிறார், இன்னொருவர் வீட்டுத்தோட்டம் என்கிறார். தலைவருக்கு வான் பிடித்து எல்லாரையும் நல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசை. இரண்டு தரம் தேத்தண்ணி வந்து போகிறது. கூட்டம் முடிவில்லாமல் கலைகிறது.

இதே கேள்வியோடு அண்மையில் என்னிடம் மூன்று தரப்பார் வந்தார்கள். இரண்டு இல்லங்களின் செயலாளர்மார், மூன்றாமவர் காசு கொடுக்கப்போகிறவர். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 28 பேர் இருக்கும் ஒரு சின்ன இல்லத்தில் பல வருடம் பொருளாளராக இருந்தவன் நான். காசு வந்து வீணானதையும் பார்த்திருக்கிறேன், கொஞ்சக் காசு பெரிய வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

காசுக்கும் ஒரு குணம் உண்டு

திட்டத்தைத் தெரிவதற்கு முன், காசு எந்த வகை என்று பாருங்கள். அமெரிக்காவில் குறைபாடு கண்ட பராமரிப்பு இல்லங்களிடம் அறவிடும் தண்டப்பணத்தில் ஒரு பங்கை, இல்லவாசிகளின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் திட்டங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு திட்டம் கூடியது 3 ஆண்டு ஓடலாம். எங்களுக்கு வருவதோ பெரும்பாலும் ஒரே தடவையில் வந்து முடியும் காசு: ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், தூதரகங்களின் சிறு உதவித் திட்டம். யப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் போன்றவை கட்டடத்துக்கும் கருவிக்கும் தரும், சம்பளத்துக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் தராது. ஊர்ச் சங்கங்களுக்கு அப்படி எழுதிய விதி இல்லை. ஆனால் மனசுக்குள் அதே விதிதான். படம் எடுக்கக்கூடிய பொருளாக இருந்தால் அவர்களுக்குச் சந்தோசம்.

இன்னொன்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் இல்லத்தின் பதிவு ஒழுங்காக இருக்கிறதா, கடைசி இரண்டு வருடக் கணக்காய்வு முடிந்ததா என்பதை முன்மொழிவு எழுத முதல் பாருங்கள். பாதி விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் இறுகி நிற்கின்றன.

எதை வைத்து நிறுப்பது

நான் நான்கு கேள்வி கேட்பேன். பணம் முடிந்த பிறகு மாதாமாதம் என்ன செலவு? படுக்கையில் இருப்பவருக்கும் நினைவு தடுமாறியவருக்கும் இது போய்ச் சேருமா? இதில் முதியவர் தானாக முடிவெடுக்க ஏதாவது இருக்கிறதா, அல்லது அவரைச் சாட்டி நாங்கள் சந்தோசப்படுகிறோமா?

நாலாவதுதான் எல்லாவற்றிலும் பாரம் கூடியது: இது பராமரிக்கும் பெண்களின் கையைப் பிடித்து வைக்குமா, விடுவிக்குமா? எங்கள் இல்லத்தில் காலைக் கடமைக்கு இரண்டு பேர். விடிய ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, காலைச் சாப்பாடு தீத்தி முடிக்க அவர்களுக்கு நிமிரவே நேரம் இராது. முதியோர் இல்லத்தில் பஞ்சம் காசுக்கு வருவதைவிடக் கைக்குத்தான் வருகிறது. பொருளை எவரும் வாங்கித் தருவார்கள். அந்தப் பொருளை ஓர் ஆச்சியின் கையில் கொடுத்து பக்கத்தில் பத்து நிமிடம் இருக்க ஆளை எவரும் வாங்கித் தருவதில்லை.

டப்லெட்டும் வீடியோ அழைப்பும்

பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் ஊரில் எவர் மனதிலும் முதலில் வருவது இது. கொரோனாக் காலத்தில், 2020 இல், அமெரிக்கத் தண்டப்பண நிதியிலும் ஓர் இல்லத்துக்கு 3,000 டொலர் வரை இதற்குக் கொடுத்தார்கள். அவர்களே 7 முதல் 10 பேருக்கு ஒரு கருவி என்றுதான் கணக்குப் போட்டார்கள். ஆகவே 28 பேருக்கு மூன்று அல்லது நான்கு போதும். ஆளுக்கொன்று என்று எழுதாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு மணிக்கூட்டில் இருக்கிறது. ரொறொன்ரோவில் வேலை முடிந்து, சாப்பிட்டு, இரவு 8 மணிக்கு மகள் அழைத்தால், கோடைகாலத்தில் எங்களுக்கு மறுநாள் விடிய 5.30. குளிர்காலத்தில் 6.30. இரண்டும் இல்லத்தில் கை ஓயாத நேரம். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு 15 நிமிட அழைப்பு என்று வைத்தாலும் 28 பேருக்கு 7 மணித்தியாலம். ஒரு பராமரிப்பாளரின் ஒருநாள் வேலை. அதை முன்மொழிவில் எவர் எழுதுகிறார்கள்?

எங்கள் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டப்லெட் வந்த முதல் வாரம் ஓர் அப்புவுக்கு மகள் எடுத்தா. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிக் காதில் வைத்தார், பழைய போனை வைப்பது போல. திரை முழுக்க அவருடைய காது. "அப்பா, காதிலை வைக்காதேங்கோ, முகத்துக்கு முன்னாலை பிடியுங்கோ" என்று மகள் கத்துகிறா. அவருக்கு விளங்கவில்லை. "ஆர் பிள்ளை, சத்தமாக் கதை" என்கிறார். பக்கத்தில் நிற்க ஆளில்லை. பிறகு மகள் எங்களுக்கு எழுதிய செய்தியில் கோபம் இல்லை, ஒரு வரிதான்: "அப்பாவின் காதுக்குள் கறுப்பாக என்னவோ அடைத்திருக்கிறது, ஒருக்கால் பார்ப்பீர்களா?" பார்த்தோம். எத்தனையோ வருடக் குறும்பி. வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் கழுவி எடுத்தார்கள். ஒரு சதம் செலவில்லை. நாலு டப்லெட் செய்யாத வேலை அது.

டப்லெட் எப்போது சரி? பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவர்கள் பாதிக்கு மேல் இருந்தால், ஞாயிறு பின்னேரம் வந்து இரண்டு மணித்தியாலம் இருக்க ஊர் இளைஞர் ஒருவரை ஒழுங்குசெய்ய முடிந்தால். ரொறொன்ரோவில் ஞாயிறு காலை 9 மணி எங்களுக்குக் கோடையில் மாலை 6.30. அந்த நேரத்தை முதலே பிள்ளைகளோடு பேசி வையுங்கள். வருவதற்கு எவருமே இல்லாத ஆச்சிமார் பக்கத்துக் கட்டிலில் இருந்து மற்றவரின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். அது சிலருக்குச் சந்தோசம். சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

தோட்டமும் வளர்ப்புப் பிராணியும்

இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 1976 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லாங்கர், ரோடின் என்ற இரு உளவியலாளர் செய்த ஆய்வு. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து, தண்ணீர் ஊற்றுவதும் விடுவதும் உங்கள் பொறுப்பு, உங்கள் அறையை உங்கள் விருப்பப்படி வையுங்கள் என்றார்கள். மற்ற மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது பணியாளர். முதல் மாடிக்காரர் கூடுதல் உசாராகவும் சந்தோசமாகவும் இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரிந்தது. இறப்பு பற்றிய கணக்கில் பிறகு ஒரு திருத்தம் வந்தது, அதனால் "செடி ஆயுளைக் கூட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். அதில் வேலை செய்தது செடி அல்ல, செடிக்குத் தண்ணீர் விடுவது யார் என்ற முடிவு.

எங்கள் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. தோட்டம் என்று காசு வந்ததும் கூலிக்கு ஆள் பிடித்து, கத்தரி, வெண்டி, மிளகாய் நட்டு, வேலி அடைத்து, பெயர்ப்பலகை போட்டு, முதியவர்களைக் கதிரையில் இருத்திப் படம் எடுக்கிறோம். அது காய்கறித் தோட்டம். நல்லதுதான், குசினிக்கு உதவும். ஆனால் அவர்களுடைய தோட்டம் அல்ல.

தண்ணீரும் யோசிக்கவேண்டிய சங்கதி. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் எல்லாம். கரையோரக் கிணறுகளில் ஆவணி, புரட்டாதியில் உவர் ஏறும். ஐப்பசியில் மழை தொடங்கும்வரை கன்றுகளைக் காப்பாற்ற மோட்டர் ஓடவேண்டும், மோட்டருக்கு மின்சாரம் வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு நிலத்தில் பாத்தி கட்டியும் பிரயோசனமில்லை. இடுப்பளவு உயரத்தில் சீமெந்துக் கல்லடுக்கி மண் நிரப்பினால் கதிரையில் இருந்தபடியே கீரை பிடுங்கலாம். அது ஆரவாரம் இல்லாத செலவு. நிழல் விழும் இடத்தில் கட்டுங்கள்.

பிராணிகள் பற்றி ஒரு வரி. நியூயோர்க் மாநிலத்தில் பில் தோமஸ் என்ற வைத்தியர் 1990களின் தொடக்கத்தில் ஓர் இல்லத்துக்குள் 2 நாய், 4 பூனை, 100 கிளி என்று கொண்டுவந்து விட்டார். கூடு வர முதல் கிளி வந்துவிட்டதாம். தனிமை, கையாலாகாமை, சலிப்பு என்ற மூன்றுக்கும் அதுதான் மருந்து என்பது அவர் கட்சி. எங்கள் இல்லங்களில் நாய் பூனை படலைக்குள்ளால் தானாகவே வரும். ஒரு ஆட்டுக்குட்டியைப் பொறுப்பாகக் கொடுத்தால் குழை ஒடித்துப்போட மூன்று பேர் சண்டை பிடிப்பார்கள். பிறகு அதை வித்துவிட வேண்டாம், வீட்டில் செத்த மாதிரி ஆகிவிடும்.

தோட்டம் சரியாக வருவது எழுந்து நடக்கும் பேர்வழிகள் கூடிய இல்லத்துக்கு. கமம் செய்து வாழ்ந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் பாத்தியை எழுதியே கொடுத்துவிடுங்கள். என்ன நடுவது என்பதை அவர்கள் சொல்லட்டும். புகையிலை என்றால்கூட.

பாட்டு

நினைவு தடுமாறியவர்களுக்கு அவரவர் இளமைக்காலப் பாட்டை அவரவர் காதுக்குக் கொடுப்பது அமெரிக்காவில் பெரிதாகப் பரவிய திட்டம். முதலில் வந்த ஒப்பீடுகள் நல்லாக இருந்தன. பிறகு 54 இல்லங்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்த பெரிய சோதனையில், பணியாளர் சொன்ன கணக்குப்படி, கலக்கம் பெரிதாகக் குறையவில்லை. அதைப் படித்த பிறகும் இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு பிரியம் இருக்கிறது. ஒரே காரணம், படுக்கையை விட்டு எழும்ப முடியாதவருக்கு இந்தப் பட்டியலில் மிக இலேசாகப் போய்ச் சேரும் திட்டம் இதுதான். மருந்தாக எழுதாதீர்கள், பொழுதாக எழுதுங்கள்.

இங்கே வழக்கமாக நடப்பது என்ன? விடிய ஐந்துக்கு ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் தேவாரம். கிறிஸ்தவ ஆச்சிக்கும் அதே, கோயில் பக்கமே போகாத பழைய இடதுசாரி வாத்தியாருக்கும் அதே. தனித்தனிப் பட்டியல் என்றால் ஒருவருக்கு அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், ஒருவருக்குத் தெட்சணாமூர்த்தியின் தவில், இன்னொருவருக்குச் சின்னமணியின் வில்லுப்பாட்டு, தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் பாடும் பசாம். இதைத் தேடிப் பதிந்து கொடுப்பதுதான் செலவு. கருவி மலிவு. உறவினரிடம் "இவர் எந்தப் பாட்டை முணுமுணுப்பார்?" என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் தேடித் தருவார்கள், சிலவேளை நேரில் வந்தும் வாசிப்பார்கள். காதில் மாட்டிவிடவும் கழற்றவும் மின்னேற்றவும் நாளுக்கு ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம் போகும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

கைபிடி, உடற்பயிற்சி, கண், காது, பல்

படம் எடுக்க ஒன்றுமில்லாத திட்டம். அதனால்தான் எவரும் எழுதுவதில்லை. என்னுடைய வாக்கு இதற்குத்தான், அதை ஒளிக்கவில்லை.

விழுவதிலிருந்து தொடங்குங்கள். தவறி விழுந்து உலகில் ஆண்டுக்கு 684,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் இல்லங்களில் விழும் இடம் எல்லாருக்கும் தெரியும்: கிணத்தடி, குளியலறைப் படி, இரவில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையில் உள்ள விறாந்தை. கட்டிலில் இருந்து கழிப்பறை வரை ஒரே தொடராகக் கைபிடி இருந்தால், பிடித்துக்கொண்டு தானாகப் போய்வருபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் இல்லத்தில் ஐந்து பேர். ஐந்து பேரையும் நாளுக்கு நாலு தரம் கூட்டிப்போன கை விடுபட்டது. அந்தக் கைதான் பிறகு டப்லெட்டுக்கும் பாட்டுக்கும் போனது.

மறைந்திருக்கும் செலவு சுவர். பழைய சுவரில் கட்டை ஆணியால் பூட்டிய எங்கள் முதல் கைபிடி இரண்டு மாதத்தில் ஓர் ஆச்சியோடு கழன்று வந்தது. நல்லகாலம், கட்டிலில்தான் விழுந்தா. குழாய்க்குக் காசு எண்ணிய நாங்கள் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை சுவரைக் கொத்தி, கொங்கிறீற் போட்டு இறுக்கினோம். செலவு இரட்டிப்பு. உயரத்துக்குப் புத்தக அளவு பார்க்காமல், அங்கே இருப்பவர்களில் கட்டையான ஆச்சியை நிற்க வைத்து அளந்தோம்.

உடற்பயிற்சி பற்றி ஒரு நல்ல ஆய்வு. 1994 இல் பொஸ்ரனில் 72 முதல் 98 வயதுவரையான 100 இல்லவாசிகளைப் பிரித்து, ஒரு பாதியினரை 10 வாரம் காலால் பாரம் தள்ளித் தூக்க வைத்தார்கள். தசைவலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, நடையும் வேகமானது. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பால்மாப் பெட்டி பெட்டியாக இறக்கும் நன்கொடையாளர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. ஆனால் அது கையை ஆட்டி முடிக்கும் பயிற்சி அல்ல, அவரவர் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 80 சதவீதம். அதனால் இயன்மருத்துவர் ஒருவர் வந்து ஆளாளுக்குப் பாரம் சொல்லவேண்டும், மாதம் ஒருக்கால் திரும்பி வந்து பார்க்கவேண்டும். பாரத்துக்கு மணல் தைத்த துணிப்பை போதும். கிழமைக்கு மூன்று பின்னேரம், முக்கால் மணித்தியாலம். இதற்குக் கை போகும், ஒளிக்கவில்லை. ஆனால் கதிரையை விட்டுத் தானாக எழும்பும் ஒவ்வொருவரும் அதைத் திருப்பித் தருகிறார்.

கண்புரைச் சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. செலவு போய்வர வான், கூட நிற்க ஆள், சில கிழமை கண்ணுக்கு மருந்து விட ஆள். காது கேட்கும் கருவி வாங்கினால் பற்றறிக்கு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் லாச்சிக்குள் கிடக்கும். பல்லுச் செட் இல்லாதவர் எந்த நல்ல சாப்பாட்டையும் கரைத்துத்தான் குடிக்கிறார்.

பயணமும் பள்ளிப் பிள்ளைகளும்

சுருக்கமாக. நெதர்லாந்தின் டெவென்ரர் நகரில் ஓர் இல்லம் மாணவர்களுக்கு இலவச அறை கொடுத்து, மாதம் 30 மணித்தியாலம் முதியவர்களோடு இருக்கச் சொல்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும், வெளியூர் மாணவர் வாடகை அறை தேடித் திரியும் திருநெல்வேலிப் பக்கத்து இல்லம் ஏதும் இதை யோசிக்கலாம். காசே வேண்டாம், வெறும் அறை இருந்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் வந்து பாட்டுப் பாடிப் போகும் வகுப்பை நான் இதில் சேர்க்கமாட்டேன்.

பயணத்துக்கு நல்லூர்த் தேர் வேண்டாம், சனம் நெரிக்கும். 25 நாள் திருவிழாவில் தொடக்க நாள் ஒன்றின் காலைப் பூசைக்குப் போங்கள். போகும் இடத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று ஒருவர் முதல்நாள் போய்ப் பார்த்துவர வேண்டும். வானில் போனவர்களுக்கு ஒரு மாதம் கதைக்க விசயம் கிடைக்கும். கட்டிலில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு மாதமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை.

ஒரே பார்வையில்

| திட்டம் | காசு முடிந்த பின் | கை | படுக்கையில் இருப்பவருக்கு | எந்த இல்லத்துக்கு |
|---|---|---|---|---|
| டப்லெட் | டேட்டா, பழுது | நிறையப் பிடிக்கும் | ஆள் நின்றால் | பிள்ளைகள் வெளிநாட்டில், தொண்டர் உண்டு |
| தோட்டம் | தண்ணீர், மின்சாரம் | முதியவர் செய்தால் குறைவு | சேராது | நடப்பவர் அதிகம், நல்ல தண்ணீர் உண்டு |
| பாட்டு | சொற்பம் | நாளுக்குச் சில நிமிடம் | சேரும் | நினைவு தடுமாறியவர், படுக்கையில் உள்ளவர் அதிகம் |
| கைபிடி, பயிற்சி, கண், காது, பல் | பற்றறி, இயன்மருத்துவர் வருகை | முதலில் பிடித்துப் பிறகு விடும் | காதும் பல்லும் சேரும் | ஆள் பற்றாக்குறை உள்ள எதற்கும் |
| பயணம் | ஒவ்வொரு முறையும் முழுச் செலவு | அன்று முழுதும் | சேராது | மற்றது எல்லாம் ஒழுங்கான பிறகு |

அவர்களைக் கேட்டீர்களா?

முன்மொழிவு எழுத முதல் ஒரு பின்னேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு தம்பி" என்பார்கள். நாங்கள் தனியாகக் கேட்டபோது வந்த பதில்கள்: "என்ரை கட்டிலை யன்னல் பக்கம் போட்டுவிடு." "இரவிலை விறாந்தை லைற்றை நூக்கவேண்டாம்." "வெத்திலை." "ஆரேன்ரை திவசம் எண்டு நெடுகப் பாயசம் தாறியள், எனக்குச் சீனி வருத்தம்." 28 பேரில் டப்லெட் கேட்டவர் இரண்டு பேர். வெத்திலை கேட்டவர் ஏழு பேர். கட்டிலையும் லைற்றையும் அன்று இரவே செய்து முடித்தோம்.

கடைசியில் நாங்கள் பத்து இலட்சத்தில் பெரும்பங்கைக் கைபிடிக்கும் குளியலறைத் தளத்துக்கும் எழுதினோம். மிச்சத்தில் பின்னேரங்களுக்கு மட்டும் ஒரு பெண்ணை ஒன்றரை வருடம் வேலைக்கு வைக்கச் சம்பளம் கேட்டோம். ஊர் ஒன்றியத்தின் செயலாளர் தொலைபேசியில் எடுத்தார். "சம்பளத்துக்குத் தாறம் அண்ணை, ஆனா எங்கடை பெயரை எங்கை அடிக்கிறது?" நியாயமான கேள்விதான், அவருக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். கிணத்தடிக் கைபிடிக்கு மேலே சுவரில் மாபிள் கல்லொன்று பதித்து, கீழ் விளிம்பைக் கொஞ்சம் வெளியே நீட்டிக் கட்டச் சொன்னோம். எழுத்து இன்னும் அழியவில்லை. ஆச்சிமார் அதன் விளிம்பில் சவர்க்காரம் வைக்கிறார்கள்.